பேசாப் படத்தின் பெருவீரர் டக்ளஸ் பேர்பாங்க்ஸ்

மொழி புரியாத ஊரில் குடும்பத்துடன் வந்து குடியேறியவர் யாவரும் ஓர் உண்மையை அநுபவத்தால் அறிவர். சொல் துணைக்கு வராத இடத்தில் கையும் கண்ணும் முகக்குறிப்பும் துணைக்கு வருகின்றன. நம்மிற் பலர் முதற் சில மாதங்களில் கடைத்தெருவிலும் பஸ் நிலையத்திலும் இவற்றைக் கொண்டே காரியத்தை முடித்திருக்கிறோம். இந்தச் சைகை மொழி ஒன்றையே முதலாக வைத்து, வாயால் ஒரு சொல்லும் கேட்பிக்காமல், உலகம் முழுவதையும் தம் வயப்படுத்திய கலைஞர் சிலர் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்தனர். அவர்களுள் வீரமும் காதலும் கலந்த கதைகளுக்குத் தலைவராய் விளங்கியவர் டக்ளஸ் பேர்பாங்க்ஸ்.

அமெரிக்காவில் பிறந்து அமெரிக்காவிலேயே மறைந்த அவருடைய வரலாற்றை நமது ஆண்டு மலரில் எழுத முற்பட்டமைக்குக் காரணம் இரண்டு. அவருடைய 'பாக்தாத் திருடன்' படத்தை நம் நாட்டு மக்கள் ஒரு காலத்தில் தலைமேல் வைத்துக் கொண்டாடினார்கள் என்பது ஒன்று. அப்படம் புகட்டிய பாடத்தை அவருடைய வாழ்க்கை ஒரு பாதியில் மெய்ப்பித்து, மறு பாதியில் மறந்தது என்பது மற்றொன்று.

இளமை

1883-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள், கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் சார்லஸ் உல்மன் ஒரு வழக்கறிஞர். நாடகத்தில் பற்று மிக்கவர். ஆயினும் குடும்பத்தில் அந்தப் பற்று அவருக்கு நிலைக்கவில்லை. மகனுக்கு ஐந்து வயதான போது மனைவி மக்களை விட்டு நீங்கினார். தாயார் எல்லா அம்மையார் மனம் தளராமல், காலஞ்சென்ற தம் முதற் கணவரின் குடும்பப் பெயரான பேர்பாங்க்ஸ் என்பதையே மீண்டும் ஏற்று, பிள்ளைகளுக்கும் அதனைச் சூட்டி வளர்த்தார். உலகமே பிற்காலத்தில் உச்சரித்த பெயர், இவ்வாறு தாயின் துயரத்தின் நடுவே பிள்ளைக்குக் கிடைத்த பெயராகும்.

படிப்பில் அவருக்கு நாட்டம் செல்லவில்லை. மரம் ஏறுவதும், சுவர் தாண்டுவதும், கூரைமேல் நடப்பதுமே பொழுதுபோக்காய் இருந்தன. இளம் வயதிலேயே டென்வர் நகரின் மேடைகளில் ஏறினார். 1900-ஆம் ஆண்டை ஒட்டி நியூயார்க் நகரை அடைந்தார். 1902-ஆம் ஆண்டில் அந்நகரின் புகழ்பெற்ற பிராட்வே நாடக அரங்கில் முதன்முறையாகத் தோன்றினார். 1907-ஆம் ஆண்டில் பெத் சல்லி என்னும் செல்வர் மகளை மணந்தார். 1909-ஆம் ஆண்டில் அவர்களுக்கு ஒரு மகன் பிறந்தான்; தந்தையின் பெயரையே தாங்கிய அவனும் பின்னாளில் நடிகனானான்.

மேடையில் பேர்பாங்க்ஸின் குரலைக் காட்டிலும் சுறுசுறுப்பே ரசிகர்களைக் கவர்ந்தது. படிக்கட்டில் இறங்கி வரவேண்டிய கட்டத்தில் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் குதித்து வருவதே அவர் இயல்பு. இத்தகையவருக்கு மேடை சிறிது. வெட்டவெளியும் மலையும் மதிலும் காட்டக்கூடிய திரையே ஏற்ற இடம். 1915-ஆம் ஆண்டில் டிரையாங்கிள் என்ற படக்கம்பெனி வாரத்திற்கு 2,000 டாலர் ஊதியம் தந்து அவரை அழைத்துக் கொண்டது. அந்நாளில் அது பெருந்தொகை. அவ்வாண்டே வெளிவந்த 'ஆட்டுக்குட்டி' என்னும் படம் அவருக்குப் பெயர் தேடித் தந்தது. அடுத்த ஐந்தாண்டுகளில், எத்துன்பத்தையும் சிரித்துக்கொண்டே தாண்டிச் செல்லும் இக்கால இளைஞனாகப் பல வேடிக்கைப் படங்களில் அவர் தோன்றினார்.

நால்வர் கூட்டு

முதல் உலகப் போர் நடந்த 1918-ஆம் ஆண்டில், போர்க்கடன் பத்திரங்களை மக்கள் வாங்கும்படி தூண்டுவதற்காக மூன்று நடிகர்கள் ஊர் ஊராகச் சென்றார்கள். பேர்பாங்க்ஸ் ஒருவர், சார்லி சாப்ளின் ஒருவர், கனடா நாட்டில் பிறந்து அமெரிக்க மக்களின் செல்லப் பெண்ணாய்த் திகழ்ந்த மேரி பிக்போர்டு ஒருவர். சென்ற இடமெல்லாம் கடல் போல் கூடிய கூட்டத்தைக் கண்டபோது, படங்களைப் பார்க்க மக்கள் வருவது முதலாளிகளை நாடியா, நடிகர்களை நாடியா என்பது அவர்களுக்குத் தெளிவாகி விட்டது. 1919-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், இயக்குநர் கிரிபித்தையும் சேர்த்துக் கொண்டு, 'யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ்' என்னும் நிறுவனத்தை அவர்கள் தொடங்கினார்கள். உழைக்கும் கலைஞரே தம் படத்திற்கு உரிமையாளராய் இருக்க வேண்டும் என்னும் கொள்கையின்மீது எழுந்த நிறுவனம் அது.

இக்காலத்திலேயே பேர்பாங்க்ஸும் மேரியும் ஒருவரை ஒருவர் விரும்பினர். இருவரும் ஏற்கெனவே மணமானவர்கள். ஆகவே ஊரார் பழிப்புக்கு அஞ்சி வெகுநாள் மறைத்து, இருவரும் முறைப்படி விலகிய பின்னர், 1920-ஆம் ஆண்டு மார்ச் 28-ஆம் நாள் மணந்து கொண்டார்கள். தம் முதல் மனைவிக்கும் பத்து வயது மகனுக்கும் அவர் இழைத்தது துன்பமே. தம் தந்தையால் விடப்பட்ட மகன், தாமும் தந்தையாகித் தம் மகனை விட்டு நீங்கினார் என்பதை மறைப்பதற்கில்லை. ரசிகர்கள் வெறுப்பார்கள் என்று அஞ்சிய அத்தம்பதிகளை, ஐரோப்பாவில் அவர்கள் தேனிலவுப் பயணம் செய்தபோது, மக்கள் வெள்ளம் மூச்சுத் திணறும்படி சூழ்ந்து கொண்டது. பெவர்லி ஹில்ஸ் குன்றின்மேல் அவர்கள் வாழ்ந்த இல்லம் இருவர் பெயரையும் இணைத்துப் 'பிக்பேர்' என்று வழங்கலாயிற்று. அரச குடும்பத்தினரும் அறிஞரும் அவ்வில்லத்தின் விருந்தாளிகள் ஆயினர்.

வாள் ஏந்திய நாயகன்

1920-ஆம் ஆண்டின் இறுதியில் 'சாரோவின் சின்னம்' வெளிவந்தது. பகலில் சோம்பேறிச் செல்வனாகவும், இரவில் முகமூடி அணிந்து ஏழைகளைக் காக்கும் வாள்வீரனாகவும் இரு முகம் காட்டி அவர் நடித்தார். மக்கள் கொண்ட மகிழ்ச்சிக்கு அளவே இல்லை. அதன்பின் இக்கால உடையை அவர் பெரும்பாலும் களைந்து விட்டார். 1921-ஆம் ஆண்டில் 'மூன்று துப்பாக்கி வீரர்கள்', 1922-ஆம் ஆண்டில் 'ராபின் ஹூட்' எனப் பழங்கால வீரக்கதைகள் ஒவ்வொன்றாய்த் திரைக்கு வந்தன.

'ராபின் ஹூட்' படத்திற்காக எழுப்பிய கோட்டை, பேசாப் படக் காலத்து அரங்கங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. அதனை முதன்முதலில் கண்ட பேர்பாங்க்ஸ், இத்தனை பெரிய மண்டபத்தில் தாம் ஒரு சிற்றெறும்பாய்த் தோன்றுவோமே என்று திகைத்து விட்டார். இயக்குநர் ஆலன் டுவான் உயரத்திலிருந்து தொங்கும் ஒரு மாபெரும் திரைச்சீலைக்கு உள்ளே சறுக்குமரம் ஒன்றை மறைத்து வைத்து, அதில் சறுக்கி இறங்கிக் காட்டினார். பேர்பாங்க்ஸின் கலக்கம் நீங்கிற்று. பகைவர் துரத்திவர, துணியைப் பற்றிக்கொண்டு மேலிருந்து கீழே ஒரே வீச்சில் நழுவி இறங்கும் அக்காட்சி இன்றும் பேசப்படுகிறது.

இங்கேதான் அவருடைய கலையின் நுட்பம் அமைந்திருக்கிறது. பார்ப்பவருக்கு அவர் தாவல் யாவும் காற்றில் இலை மிதப்பது போல எளிமையாய்த் தோன்றும். அந்த எளிமைக்குப் பின்னால் இருந்ததோ கடும் உழைப்பு. நாள்தோறும் தவறாத உடற்பயிற்சி. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் முன்கூட்டியே செய்த அளவெடுப்பு. தம் கால் எட்டும் தூரத்திற்கும் கை எட்டும் உயரத்திற்கும் ஏற்பத் தச்சர்கள் குறைத்தும் கூட்டியும் அமைத்த மேசைகளும் சுவர்களும் பிடிப்புகளும். வியர்வையைக் காட்டாமல் சிரிப்பை மட்டும் காட்டுவதே தம் கடமை என்று அவர் கருதினார்.

பாக்தாத் திருடன்

அவருடைய படங்களின் முடிமணி 1924-ஆம் ஆண்டு மார்ச் மாதம் நியூயார்க்கில் வெளியான 'பாக்தாத் திருடன்'. ஆயிரத்தோர் இரவுகளின் சாயலில், எல்டன் தாமஸ் என்ற புனைபெயரில் அவரே கதை அமைத்தார். அது அவருடைய இயற்பெயரின் நடுப்பகுதிகளைக் கொண்டு புனைந்த பெயர். ரால் வால்ஷ் இயக்கினார். வில்லியம் கேமரன் மென்சிஸ் என்னும் இளைஞர் அரங்கங்களை வகுத்தார். ஆறு ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தில் எழுந்த அந்த நகரத்தின் தளம், கோபுரங்கள் நீரில் நிற்பன போலப் பிரதிபலிக்கும்படி மெருகேற்றப்பட்டது. செலவு பத்து லட்சம் டாலருக்கும் மேல். அப்போது கதாநாயகருக்கு வயது நாற்பது. வெற்று மார்புடன் இருபது வயதுத் திருடனாக அவர் வந்தபோது, எவருக்கும் அந்த வயது நினைவுக்கு வரவில்லை.

கதை இது. அகமது என்பவன் பாக்தாத் நகரத்துத் திருடன். வேண்டியதை எடுத்துக் கொள்வதே அவன் வேதம். தொழுகையும் தருமமும் அவனுக்கு நகைப்புக்கு உரியன. அரண்மனையில் திருடப் புகுந்தவன் காலிபாவின் மகளைக் கண்டு தன் உள்ளத்தைப் பறிகொடுக்கிறான். இளவரசன் என்று பொய் வேடம் பூண்டு வந்து அவள் அன்பையும் பெற்று விடுகிறான். ஆனால் அவள் அன்பு காட்டிய அந்த நொடியிலேயே அவனுக்குத் தன் பொய் சுடுகிறது. உண்மையைச் சொல்லி விடுகிறான்; சவுக்கடியும் பெறுகிறான். பின்னர் ஒரு பெரியவரின் அறிவுரை கேட்டு, நெருப்புப் பள்ளத்தாக்கையும் பூதங்கள் வாழும் நிலத்தையும் கடலின் அடித்தளத்தையும் கடந்து, சிறகுடைய குதிரை ஏறி, அரும்பொருள் தேடிச் செல்கிறான். அவளை நாடி வந்த மற்ற மூன்று அரசகுமாரர்கள் பறக்கும் கம்பளமும், தொலைவைக் காட்டும் பளிங்கும், உயிர் தரும் கனியும் பெற்று வருகிறார்கள். அகமது கொணர்வதோ, தூவிய இடத்தில் படை எழும் மந்திரத் தூள். அதைக் கொண்டு பகைவர் கையில் சிக்கிய நகரை மீட்டு, காதலியுடன் கம்பளத்தில் பறந்து செல்கிறான். இன்பம் என்பது உழைத்துப் பெற வேண்டியது என்னும் கருத்தைப் படத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் வானத்து விண்மீன்களே கூடி எழுதிக் காட்டுகின்றன.

படத்தின் முற்பகுதியில், சந்தையில் வரிசையாய் வைத்திருக்கும் பெருஞ்சாடிகளுள் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு அகமது பந்து போலத் துள்ளிச் செல்வான். சாடிகளின் உள்ளே துள்ளு வலைகள் மறைத்து வைக்கப்பட்டிருந்தன. பறக்கும் கம்பளம் பாரந்தூக்கியில் கட்டிய கம்பிகளின் உதவியால் பறந்தது. இத்தகைய மாயக்காட்சிகளுக்கு ஜெர்மன் இயக்குநர் பிரிட்ஸ் லாங் முன்னதாகவே எடுத்திருந்த ஒரு படத்திலிருந்தும் பேர்பாங்க்ஸ் பாடம் கற்றார்.

குறையையும் நாம் கூற வேண்டும். அப்படத்தில் காணும் கிழக்கு நாடுகள் வரைபடத்தில் உள்ள நாடுகள் அல்ல. மேலை நாட்டார் கனவில் கண்டவை. மங்கோலிய இளவரசனை வஞ்சகனாகவும், பாரசீக இளவரசனைக் கேலிப் பொருளாகவும் தீட்டியிருப்பது இன்று நம் கண்ணை உறுத்துகிறது. சீனப் பெற்றோருக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பிறந்த அன்னா மே வாங் என்னும் திறமை மிக்க நடிகைக்கு, துரோகம் செய்யும் அடிமைப் பெண் வேடமே கிடைத்தது. அவ்வேடத்திலும் அவர் காண்போர் மனத்தில் நின்றார்.

நம் நாட்டில் பெற்ற வரவேற்பு

இத்தனை குறைகள் இருந்தும் இந்திய மக்கள் அப்படத்தைத் தம்முடையதாகவே ஏற்றார்கள். 1927-ஆம் ஆண்டில் அன்றைய அரசாங்கம் இந்தியத் திரைத்தொழிலை ஆராய ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் சென்னை வழக்கறிஞர் திவான் பகதூர் டி. ரங்காச்சாரியார், நம் தமிழர். நாடெங்கும் சுற்றிப் பலரிடம் சாட்சியம் கேட்ட அக்குழு 1928-ஆம் ஆண்டில் அறிக்கை அளித்தது. இந்தியாவில் அதுவரை காட்டிய படங்களுள் மக்கள் மிகுதியாக விரும்பியது 'பாக்தாத் திருடன்' என்று அவ்வறிக்கை குறித்தது. ஆங்கில எழுத்து அட்டைகளைப் படிக்க அறியாதவரும் அதனைக் கண்டு களித்தார்கள். மந்திரக் கம்பளமும் அரசகுமாரியும் நம் பாட்டிமார் கதைகளில் வருவன தாமே! பேசாத படத்தில் அந்நியம் என்பது மிகக் குறைவு.

அந்தத் தாவலும் வாள்வீச்சும் நம் நாட்டுக் கலைஞரையும் தொட்டன. பம்பாயில் வீரப்படங்களின் நாயகராய்த் திகழ்ந்த மாஸ்டர் விட்டலை மக்கள் இந்திய டக்ளஸ் பேர்பாங்க்ஸ் என்றே அழைத்தார்கள். புதுக்கோட்டையில் பிறந்த பி. கே. நாகலிங்கம், உடற்பயிற்சியில் தேறிப் பம்பாய் சென்று, ராஜா சாண்டோ என்னும் பெயருடன் பேசாப் படங்களின் புகழ்பெற்ற கதாநாயகர் ஆனதும் இக்காலத்திலேயே. ஊர் விட்டு ஊர் சென்ற தமிழர் ஒருவரை மராத்தியரும் குஜராத்தியரும் போற்றுவதற்கு அன்று மொழி தடையாய் நிற்கவில்லை என்பதை நம் போன்றோர் நினைவில் வைக்கத் தகும்.

குரல் வந்தது, கால் நின்றது

1926-ஆம் ஆண்டில் 'கருங்கடற் கொள்ளைக்காரன்' என்று நாம் பெயரிட்டு அழைக்கத்தக்க கப்பற்கொள்ளைக் கதையை முழுவதும் இருவண்ணத்தில் அவர் எடுத்தார். 1927-ஆம் ஆண்டில் தோன்றிய அமெரிக்கத் திரைக் கலைக்கழகத்திற்கு அவரே முதல் தலைவர். இன்று ஆஸ்கார் என வழங்கும் பரிசுகளின் முதல் விழாவை 1929-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் அவரே முன்னின்று நடத்தினார். விழா கால்மணி நேரத்தில் முடிந்து விட்டது.

அதே ஆண்டில் வந்தது 'இரும்பு முகமூடி'. வாள் ஏந்தி வந்த அவருடைய வீரன் அப்படத்தின் இறுதியில் உயிர் துறக்கிறான். ஒரு யுகத்திற்கே அவர் விடை கொடுத்தது போல அக்காட்சி அமைந்தது. ஏனெனில் பேசும் படம் அதற்குள் வந்து விட்டது. தொடக்ககாலத்து ஒலிவாங்கி நடிகரை ஓரிடத்தில் கட்டிப் போட்டது. கேமராவும் ஒலி புகாத அறைக்குள் அடைபட்டது. ஓடிக்கொண்டே இருந்தவருக்கு நின்று பேசும்படி கட்டளை பிறந்தது. அவ்வாண்டே மேரியுடன் சேர்ந்து ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றைப் பேசும் படமாக எடுத்தார். எதிர்பார்த்த வெற்றி கிட்டவில்லை. உலகம் முழுவதும் ஒரே படத்தைப் பார்த்த காலமும் போயிற்று. படம் பேசத் தொடங்கியதும், அது பேசும் மொழி அறிந்தவருக்கே முழுமையாய்ச் சொந்தமாயிற்று.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நாற்பது வயதில் சாடிக்குச் சாடி தாவுவதற்கு அத்தனை பாடுபட்டவர், புதிய கலையைப் பயில்வதற்கும் அதே பாட்டை ஏன் படவில்லை? வயது நாற்பத்தாறு. உடல் இறுகிற்று, புகைபிடிக்கும் பழக்கமும் விடவில்லை. அவரோ பயிற்சியை விட்டுப் பயணத்தை நாடினார். 1931-ஆம் ஆண்டில் ஜப்பான், சீனா, சயாம், இந்தியா முதலிய நாடுகளில் தாம் சுற்றிய சுற்றுலாவையே ஒரு படமாக்கினார். வீட்டில் இருப்பது அவருக்கு அரிதாயிற்று. மேரி தனியே இருந்தார். 1933-ஆம் ஆண்டில் அவர்களுடைய பிரிவு வெளிப்பட்டது. 1936-ஆம் ஆண்டில் மணவிலக்கு முடிந்தது. அவ்வாண்டே சில்வியா ஆஷ்லி என்னும் ஆங்கில மாதை அவர் மணந்தார். அதற்கு முன்பே, 1934-ஆம் ஆண்டில், அலெக்சாண்டர் கோர்டாவின் இயக்கத்தில் லண்டனில் நடித்ததே அவருடைய கடைசிப் படம். வயது முதிர்ந்து, தன் புகழே தனக்குச் சுமையாகிப் போன ஒரு காதல் வீரனின் கதை அது.

1939-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள், சாண்டா மோனிகாவில் இதய நோயால் அவர் காலமானார். வயது ஐம்பத்தாறே. அடுத்த ஆண்டே கோர்டா 'பாக்தாத் திருடன்' என்ற பெயரில் வண்ணப் பேசும் படம் ஒன்றை வெளியிட்டார். அதில் திருடனாய் வந்தவன் மைசூர் நாட்டு யானைப்பாகனின் மகன் சாபு. 1960-ஆம் ஆண்டில் அதே பெயரில் எம். ஜி. ஆர். நடித்த தமிழ்ப் படமும் வந்தது. பிக்பேர் மாளிகை 1990-ஆம் ஆண்டில் இடித்துத் தள்ளப்பட்டது. மாளிகை போயிற்று, 1924-ஆம் ஆண்டுப் படமோ அழியவில்லை. 1996-ஆம் ஆண்டில் அமெரிக்க நாடு அதனைத் தன் தேசியத் திரைச் செல்வங்களுள் ஒன்றாய்ச் சேர்த்துக் காத்து வருகிறது.

முடிவுரை

இன்பத்தை உழைத்துப் பெற வேண்டும் என்றது படம். பேர்பாங்க்ஸின் வாழ்க்கை அதற்கு ஒரு பின்குறிப்பையும் சேர்த்து நமக்கு அளிக்கிறது. ஒருமுறை உழைத்துப் பெற்ற இன்பம், பெட்டியில் பூட்டி வைத்த நகை போல அப்படியே இருப்பதில்லை. நாள்தோறும் மீண்டும் உழைத்தே அதனைக் காக்க வேண்டியிருக்கிறது. கலைக்கு இது பொருந்தும்; இல்லறத்திற்கும் பொருந்தும். வெளியூரில் வந்து வேர் ஊன்றி, ஒரு சங்கத்தை எழுப்பி ஆண்டுதோறும் விழா எடுக்கும் நம் குடும்பங்களுக்கும் பொருந்தும்.

காப்புரிமைக் காலம் கடந்துவிட்டபடியால் அப்படத்தை இன்று வீட்டிலேயே காண்பது எளிது. இங்கே பிறந்து வளர்ந்த நம் குழந்தைகள் சிலருக்குத் தமிழ் சரளமாய் வருவதில்லை. ஊரிலிருந்து வந்து தங்கும் தாத்தா பாட்டிக்கு இவ்வூர் மொழி வருவதில்லை. இருவரையும் அருகருகே அமர்த்தி அப்படத்தை ஒருநாள் போட்டுக் காட்டுவோமாக. திருடன் முதற் சாடியிலிருந்து துள்ளி எழும்போது, மொழிபெயர்ப்பார் எவரும் இன்றி, இரு தலைமுறையும் ஒரே நொடியில் சிரிப்பதைக் காணலாம்.